துணித் தொட்டியும் கூடாரக் காற்றும்: கொள்முதலுக்கு முன் ஒரு கணக்கு

மளிகைக் கடைக்கும் செடி கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. இன்று அப்படிக் கேட்பதற்கில்லை. வேப்பம் பிண்ணாக்கு, தென்னை நார்க் கழிவுக் கட்டி, செடிப் பை ஆகியவை பல ஊர்களில் மளிகைக் கடை வாசலிலும் ஹார்டுவேர் கடை வாசலிலும் இடம் பிடித்துவிட்டன. 2013-14ஆம் ஆண்டு வாக்கில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னை, கோவை நகரங்களில் மாடித் தோட்டத்துக்கான பை, நார்க் கழிவு, விதை ஆகியவற்றை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியபோது செடிப் பை என்ற சரக்கு வீடுதோறும் அறிமுகமாயிற்று.

இப்போது வாடிக்கையாளர்கள் அதற்கு அடுத்த சரக்கைக் கேட்கிறார்கள். ஒன்று, காற்றுப் புகும் துணித் தொட்டி. மற்றொன்று, வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கும் கூடாரம். சரக்கு அனுப்புகிறவர்கள் இரண்டையும் சேர்த்து 'செட்' என்று சொல்லி விலைப்பட்டியல் நீட்டுகிறார்கள். வாங்கி அடுக்குவதற்கு முன் நம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த வியாபாரத்தில் நாம் விற்பது பையும் கூடாரமும் மட்டுமல்ல. காற்றோட்டத்தையும் சேர்த்தே விற்கிறோம். அதைக் கணக்குப் போட்டு விற்றால் வாடிக்கையாளர் திரும்பி வருவார். போடாமல் விற்றால் பட்டுப்போன செடியோடு வருவார்.

துணித் தொட்டி என்ன செய்கிறது?

பிளாஸ்டிக் தொட்டியில் வளரும் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேர் முழுவதும் தொட்டியின் உட்சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள மண் பயன்படாமல் கிடக்கும். துணித் தொட்டியில் நிலைமை வேறு. வேர் நுனி துணியை எட்டியதும் அங்கே உலர்ந்த காற்று படுகிறது. நுனி காய்ந்து நின்றுவிடுகிறது. உடனே அந்த வேரின் பக்கவாட்டில் புதுக் கிளை வேர்கள் புறப்படுகின்றன. ஆகவே மண் முழுவதும் மெல்லிய வேர்கள் பரவி, உரத்தையும் நீரையும் நன்றாக எடுக்கின்றன. அதிகப்படியான தண்ணீர் துணி வழியே வடிந்துவிடுவதால் வேர் அழுகலும் குறைவு. 1980களில் அமெரிக்காவில் மரக்கன்றுப் பண்ணைகளில் வழக்கத்துக்கு வந்த முறை இது. அங்கிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு இறங்கியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாலா பக்கமும் காற்றுப் புகுவதால் துணித் தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டிக்கு ஒரு வேளை தண்ணீர் போதும் என்றால், கோடையில் இதற்கு இரண்டு வேளை வேண்டியிருக்கும். இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், "பழைய தொட்டியே நன்றாக இருந்ததே" என்று வாடிக்கையாளர் நம்மிடம்தான் வந்து சொல்வார்.

கொள்முதலில் பார்க்க வேண்டியவை

1. துணியின் கனம். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். கணக்கு. கடைப் பை தைக்கும் 80, 100 ஜி.எஸ்.எம். மெல்லிய துணியில் தைத்துத் தொட்டி என்று விற்பவர்களும் உண்டு. அது வெயிலில் பொடிந்து உதிரும். கம்பளி போலத் தடித்த துணியாக, 250 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். ஒரு பையை எடைத் தராசில் போட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

2. உண்மையிலேயே காற்றுப் புகுமா? பச்சை நிறத்தில் வரும் நெய்த பாலித்தீன் பைகளில் பலவற்றில் உட்புறம் பூச்சு இருக்கும். அவை உழைக்கும், ஆனால் காற்றுப் புகாது. அவை நல்ல சரக்குதான், பெயர்தான் வேறு. சோதிப்பது எளிது: துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்றும் பாருங்கள்.

3. தையலும் கைப்பிடியும். 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். நனைந்த மண்ணோடு அது 15 முதல் 20 கிலோ வரை கனக்கும். ஒற்றைத் தையல் கைப்பிடி அதைத் தாங்காது.

4. அளவு. வெளிநாட்டுப் பட்டியல்களில் 'காலன்' கணக்கு இருக்கும். அமெரிக்க 5 காலன் என்பது ஏறக்குறைய 19 லிட்டர். நம் கடையில் லிட்டரிலும் அங்குலத்திலும் எழுதி வையுங்கள். கீரை, புதினா, கொத்தமல்லிக்கு 6 முதல் 9 அங்குல உயரம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 12 அங்குலம் வேண்டும்.

உள்ளே நிரப்புவது நம் ஊர்ச் சரக்கு

துணித் தொட்டிக்கு வெறும் தோட்ட மண் ஒத்துவராது. அது இறுகிக் கட்டியாகிவிட்டால் துணியில் காற்றுப் புகுந்தும் பயனில்லை. இதற்கு ஏற்றது தென்னை நார்க் கழிவு. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து இது கட்டியாக அழுத்தப்பட்டு நெதர்லாந்து, அமெரிக்கா, தென் கொரியா முதலிய நாடுகளின் பசுமைக் குடில்களுக்குப் போகிறது. வெளிநாட்டான் விலை கொடுத்து வாங்கும் சரக்கு நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

5 கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் சுமார் 70 லிட்டர் ஆகும். அதை மட்டும் நிரப்பினால் 12 அங்குலப் பை மூன்று நிறையும். இரண்டு பங்கு நார்க் கழிவுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தால் நான்கு பைக்கு மேல் வரும். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி வைத்தால் பை வாங்குகிறவர் கட்டியையும் உரத்தையும் சேர்த்தே கேட்பார்.

கட்டி வாங்கும்போது உப்பைக் கவனியுங்கள். கழுவாத நார்க் கழிவில் சோடியம், பொட்டாசியம் உப்பு மிகுதி, இளஞ்செடி கருகிவிடும். உப்பை அளக்கும் ஈ.சி. அளவு 0.5க்குள் இருந்தால் அது கழுவிய சரக்கு. கழுவாததும் கழுவியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், விலையில்தான் வித்தியாசம். அளக்கும் கருவி ஒன்று கடையில் இருப்பது நல்லது. சரக்கு இறங்கும்போதே சோதித்துக்கொள்ளலாம்.

ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

இனி கூடாரத்துக்கு வருவோம். கம்பிச் சட்டத்தின் மேல் உட்புறம் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் துணி போர்த்திய ஒரு சிறு அறைதான் இது. மேலே விளக்கு தொங்கும். பக்கத்தில் ஜிப் வைத்த கதவு. காற்றுக் குழாய் செருக ஓட்டைகள். சாதாரணமாகக் கேட்கப்படும் அளவு 4 அடிக்கு 4 அடி, உயரம் ஆறரை அடி. இதன் கொள்ளளவு 104 கன அடி.

இதில் 12 அங்குலத் துணித் தொட்டி ஒன்பது வைக்கலாம். நன்றாக வளர்ந்த செடிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 9 லிட்டர் தண்ணீர். அது எங்கே போகிறது? செடியின் எடையில் சேருவது மிகக் கொஞ்சம். மீதி முழுவதும் இலை வழியாகவும் துணியின் பக்கங்கள் வழியாகவும் ஆவியாகக் கூடாரத்துக் காற்றில்தான் கலக்கிறது.

30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 104 கன அடி என்பது மூன்று கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது கூடாரத்துக் காற்று முழுவதும் சேர்ந்து 90 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். நாமோ 9,000 கிராம் ஊற்றுகிறோம்! காற்று மாறாவிட்டால் சுவரில் நீர் வழியும். இலையில் சாம்பல் நோய் பூக்கும். நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். பையைச் சுற்றிலும் ஈரக் காற்றே நின்றால் துணியும் உலராது. வேர் நுனி காய்ந்து கிளைப்பதும் நடக்காது. துணித் தொட்டிக்கு எதற்காக விலை கொடுத்தோமோ அந்தப் பயனே போய்விடும்.

எனவேதான் சொல்கிறோம்: மூச்சு விடும் பையை மூச்சு விடாத அறையில் வைக்கக் கூடாது. பையும் விசிறியும் ஒரே சரக்கின் இரண்டு பாதி.

விசிறிக் கணக்கு

விசிறிப் பெட்டியின் மேல் சி.எப்.எம். என்று ஓர் எண் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்றை இழுக்கும் என்பதே அது. எது வேண்டும் என்று கண்டுபிடிக்க மூன்று கணக்குப் போட்டு, பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கணக்கு, கொள்ளளவு. கூடாரத்துக் காற்று ஒரு நிமிடம் முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை மாற வேண்டும் என்பது பொது விதி. 104 கன அடிக்கு 35 முதல் 104 சி.எப்.எம்.

இரண்டாவது, ஈரம். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று கன மீட்டருக்கு 5 கிராம் ஈரத்தைக் கூடுதலாகச் சுமந்து செல்வதாகக் கொண்டால், 9,000 கிராமை அகற்ற நாளுக்கு 1,800 கன மீட்டர் காற்று வேண்டும். மணிக்கு 75 கன மீட்டர். ஏறக்குறைய 44 சி.எப்.எம்.

மூன்றாவது, சூடு. எல்.இ.டி. விளக்கு சூடாகாது என்பது சரியல்ல. 200 வாட் விளக்கு இழுக்கும் மின்சாரம் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது. வாட்டை 1.76ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி சூடு கூடலாம் என்று அனுமதிக்கிறோமோ அந்த எண்ணால் வகுத்தால் விடை சி.எப்.எம்.மில் வரும். 200 வாட்டுக்கு 3 டிகிரி அனுமதித்தால் 117. 5 டிகிரி அனுமதித்தால் 70.

மூன்றில் பெரியது 117. நாற்றத்தைப் போக்கும் கரி வடிகட்டி மாட்டினாலும், குழாய் வளைந்து போனாலும் காற்று குறையும். பெட்டி மேல் உள்ள எண்ணோ எதுவும் மாட்டாத நிலையில் அளந்தது. ஆகவே கால் பங்குக்குக் குறையாமல் கூட்டி, 150 சி.எப்.எம். அளவில் கொடுப்பது நியாயம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய விசிறியை மெதுவாக ஓட்டினால் சத்தமும் குறையும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எந்த விசிறியும் கூடாரத்தை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டு வராது. மே மாதத்தில் அறை 34 டிகிரி என்றால் கூடாரம் 37 டிகிரிதான். அந்தச் சூட்டில் கொத்தமல்லி சரியாக வளராது. சீக்கிரம் பூவுக்குப் போய்விடும். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது விசிறி ஈரத்தை ஓரளவுக்குத்தான் குறைக்கும். அந்த நாட்களில் தண்ணீரையும் குறைக்க வேண்டும்.

வரும் வழியும் போகும் வழியும்

விசிறி சரியாக இருந்தும் செடி கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பொருத்தும் முறைதான். வாங்குகிறவருக்கு ஒரு துண்டுத் தாளில் இவற்றை அச்சிட்டுக் கொடுக்கலாம்:

1. சூடான காற்று மேலே போகும். இழுக்கும் விசிறி மேல் மூலையிலும், காற்று வரும் ஓட்டை எதிர்ப்பக்கம் கீழேயும் இருக்க வேண்டும்.

2. வரும் வழி போகும் வழியைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 4 அங்குலக் குழாயின் வாய் சுமார் 12½ சதுர அங்குலம்; கீழே 25 சதுர அங்குலமாவது திறந்திருக்க வேண்டும். பூச்சி வலை கட்டினால் இன்னும் கூடுதலாக. வலையை வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும்.

3. விசிறி ஓடும்போது கூடாரத்தின் சுவர் லேசாக உள்வாங்கினால் எல்லாம் சரி. மிகவும் ஒட்டி உள்வாங்கினால் வரும் வழி போதவில்லை. வெளியே உப்பினால் இழுக்கும் விசிறி போதவில்லை.

4. குழாயை ஜன்னல் வழியே வெளியே விட வேண்டும். அடைத்த அறைக்குள்ளேயே விட்டால் அந்த அறையே இன்னொரு கூடாரமாகிவிடும்.

5. உள்ளே சிறு விசிறி ஒன்று தனியே ஓட வேண்டும். இலை மெல்ல அசைந்தால் போதும். ஒரே பையின் மேல் நாள் முழுதும் காற்றடித்தால் அந்தப் பக்கம் மட்டும் காய்ந்துவிடும்.

6. பைகள் ஒன்றையொன்று ஒட்டக் கூடாது; நான்கு விரல் இடைவெளி விடவும். அடியிலும் காற்றுப் புகச் சட்டத்தின் மேல் வைக்கவும். தட்டில் தேங்கிய தண்ணீரில் நிற்க வைப்பது கூடவே கூடாது.

7. துணியின் பக்கவாட்டில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்பு. மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடிய விடவும்.

8. மின் இணைப்பு மூன்று பின் பிளக்கோடு, தரையிலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கும் இடம் என்பதால் மின்கசிவைத் தடுக்கும் சுவிட்ச் அவசியம்.

மின் கட்டணம்

200 வாட் விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் 2.8 யூனிட். 30 வாட் விசிறி இரவு பகலாக ஓடினால் 0.72 யூனிட். இரண்டும் சேர்ந்து நாளுக்கு மூன்றரை யூனிட். இரண்டு மாதத்தில் 210 யூனிட்டுக்கு மேல். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கு. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். இந்த 210 யூனிட் ஒரு குடும்பத்தை மேல் படிக்குத் தள்ளிவிடும். கீரை வளர்த்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று வருகிறவரிடம் இதைச் சொல்லாமல் கூடாரத்தை விற்பது நாணயமாகாது.

யாருக்கு எதை விற்கலாம்?

வாங்க வருகிறவரிடம் முதலில் ஐந்து கேள்வி கேளுங்கள். மாடியோ பால்கனியோ உண்டா? அங்கே எத்தனை மணி நேரம் வெயில்? என்ன பயிர்? குழாயை வெளியே விட ஜன்னல் உண்டா? ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா?

நாலு மணி நேர வெயில் கிடைக்கிறவருக்குக் கூடாரம் தேவையில்லை. துணித் தொட்டியும், கோடைக்கு நிழல் வலையும் கொடுங்கள். சூரியன் கொடுப்பதை மின்சாரத்தில் வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. வெயிலே எட்டாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கும், நாற்று விடுபவருக்கும், முளைக்கீரை வளர்த்து ஓட்டல்களுக்குக் கொடுப்பவருக்கும் கூடாரம் பயன்படும்.

சிப்பிக் காளானுக்குக் கூடாரம் கேட்பவர்களும் உண்டு. அதற்கு விளக்கு முக்கியமல்ல; ஈரமும் புதுக் காற்றும்தான் முக்கியம். காளான் மூச்சு விட்டு வெளியேற்றும் கரியமில வாயு தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். அவர்களுக்குத் துணித் தொட்டி விற்காதீர்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிற்சியைச் சொல்லி அனுப்புங்கள். பயிற்சி பெற்றுத் திரும்பி வரும்போது அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்வார்.

சட்டம் சார்ந்த எச்சரிக்கைகள்

இந்தச் சரக்குகளோடு நான்கு விஷயம் ஒட்டிக்கொண்டு வரும், கவனமாக இருப்போம்.

முதலாவது, விதை. விதையாகப் பெயரிட்டு விற்க 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். அதைவிட முக்கியம், மருந்து தடவிய விதை. சிவப்பு, பச்சை நிறச் சாயம் ஏறிய அந்த விதை வயலுக்கு மட்டுமே. முளைக்கீரை என்பது முளைத்த சில நாட்களில் அப்படியே உண்ணப்படுவது. அதற்கு இந்த விதையைக் கொடுப்பது விஷத்தைக் கொடுப்பதற்குச் சமம். மளிகை அலமாரிக்குப் பக்கத்தில்கூட அதை வைக்க வேண்டாம்.

இரண்டாவது, ரசாயன உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. சின்னப் பொட்டலம்தானே என்று எடுத்து வைக்காதீர்கள். வேளாண் அலுவலரைக் கேட்டு உரிய அனுமதி பெற்ற பிறகே விற்கவும்.

மூன்றாவது, நெய்யாத துணியில் செய்த கைப்பைக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. செடித் தொட்டி கைப்பை அல்ல. ஆயினும் துணி ஒரே இனம். பில்லில் 'செடி வளர்ப்புத் தொட்டி' என்று அளவோடு எழுதி வாங்குங்கள். மொத்தக் கொள்முதலுக்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதில் சாமான் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, கூடாரம். மேல்நாடுகளில் இந்தத் தொழில் வளர்ந்ததில் கஞ்சா வளர்ப்புக்கும் பங்கு உண்டு. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி அனுமதியின்றி ஒரு கஞ்சாச் செடி வளர்ப்பதும் குற்றம். அந்த இலைப் படம் அச்சிட்ட பெட்டிகளைத் திருப்பி அனுப்புங்கள்.

முடிவாக

இருப்பு வைக்கும் வரிசையை இப்படிச் சொல்லலாம். துணித் தொட்டியும் நார்க் கழிவுக் கட்டியும் அன்றாடம் நகரும், தாராளமாக வைக்கலாம். நிழல் வலையும் தேவை. விசிறியில் இரண்டொரு அளவு போதும். கூடாரத்தைப் பணம் போட்டு அடுக்க வேண்டாம். முன்பணம் பெற்று வரவழைத்துக் கொடுங்கள்.

இத்தகைய பொருள்களைக் கணினியிலும் கைபேசியிலும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். விலையில் நாம் போட்டியிடுவது சிரமம். ஆனால் "உங்கள் அறைக்கு எத்தனை கன அடி? ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக் கணக்குப் போட்டுக் கொடுக்கவும், "உங்களுக்குக் கூடாரம் வேண்டாம், இந்தப் பையே போதும்" என்று சொல்லவும் தெருமுனைக் கடைக்காரரால்தான் முடியும். அன்றைய விற்பனையில் ஒரு கூடாரம் குறையலாம். அந்த வாடிக்கையாளர் அடுத்த மாதமும் அரிசி பருப்புக்கு நம் கடைக்குத்தான் வருவார்.